சறுக்காத வரிசை

1975 மார்ச்சில் 'கேட்டி லைட்' ஆல்பம் அமெரிக்காவில் வெளியானபோது, அதைச் செய்த இருவரும் அதைக் கேட்கவே மாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். ஸ்டீலி டான் என்ற பெயரில் பாட்டெழுதி இசையமைத்த வால்டர் பெக்கரும் டொனால்ட் ஃபேகனும் ஒலித்தரத்தில் பித்துப் பிடித்தவர்கள். ஒலிநாடாவில் ஏறும் இரைச்சலைக் குறைக்க, அப்போது புதிதாக வந்திருந்த ஒரு கருவியை நம்பினார்கள். அது கோளாறு செய்தது. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த ஒலி மங்கிப்போனது. கருவியைச் செய்தவர்களின் உதவியோடு பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். ஆனாலும் இருவருக்கும் மனம் ஆறவில்லை. செய்தவர்களே காதை மூடிக்கொண்ட அந்தத் தட்டில் இன்று தேடினாலும் தள்ளிவிட ஒரு பாட்டு அகப்படாது.

ராக் இசை கேட்பவர்கள் நாலுபேர் கூடினால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம்வரை ஒன்றுகூடச் சோடைபோகாத குழு என்று ஏதாவது உண்டா? பெரும்பாலும் அவரவர் தமக்குப் பிடித்த குழுவின் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்காகச் சண்டை போடுவதோடு பேச்சு முடியும். ரசனையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதிவுகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குள் இன்னும் சில கேள்விகள் இருப்பது தெரியும். ஒரு வரிசை எங்கே சறுக்கியது? ஏன் சறுக்கியது? சறுக்காமல் நின்றது என்றால் என்ன விலை கொடுத்து நின்றது? இவற்றைப் பின்தொடர்ந்து போனபோது எனக்குக் கிடைத்த விடை மகிழ்ச்சியானதல்ல. ஆல்பங்களின் தரத்தைக் கடைசிவரை காப்பாற்றியவர்கள், அநேகமாக, குழுவாக இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டவர்கள்.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் என்பது அப்படியொன்றும் பழைய வடிவமல்ல. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீண்ட இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் 1948 ஜூனில் அறிமுகப்படுத்தியது. பக்கத்துக்கு இருபது நிமிடமும் சொச்சமும் பிடிக்கும். அதற்கு முன்பு 78 சுற்றுத் தட்டுகள் பலவற்றை, புகைப்பட ஆல்பம் போலத் தைத்த அட்டைகளுக்குள் சேர்த்து விற்றார்கள். பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. 1950களில் ராக் இசை பிறந்தபோது வியாபாரம் முழுக்க, பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிங்கிள் தட்டில்தான் நடந்தது. ஓரிரு ஹிட் பாட்டைச் சுற்றிக் கைக்குக் கிடைத்ததை நிரப்பி விற்றால் அது ஆல்பம். ஆகவே ஒரு குழுவின் ஆல்பங்கள் சீராக இருக்கின்றனவா என்று கேட்பதற்கே 1960களின் நடுப்பகுதி வரவேண்டியிருந்தது.

என் அளவுகோல் இது: குறைந்தது ஆறு ஸ்டூடியோ ஆல்பம் வேண்டும். கச்சேரிப் பதிவும் தொகுப்பும் சேர்த்தி இல்லை. இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் 1984 முதல் 1987வரை நான்கு ஆல்பம் தந்துவிட்டுப் பிரிந்தார்கள். நான்கும் நல்லவைதான். ஆனால் பாதித் தேர்வு எழுதிவிட்டு எழுந்துபோனவருக்கு மதிப்பெண் போட முடியாது. இன்னொன்று, ஓர் ஆல்பத்தை நண்பர் கையில் கொடுக்கும்போது "இது அவசரத்தில் செய்தது" என்றோ "இரண்டாம் பக்கத்தை விட்டுவிடு" என்றோ சமாதானம் சொல்ல வேண்டியிருந்தால், அது சறுக்கல்.

சறுக்கலுக்கு முதல் காரணம் வேகம். கலிஃபோர்னியாவின் பீச் பாய்ஸ் 1963இல் மூன்று ஆல்பம் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு நான்கு. அதில் ஒன்று கச்சேரிப் பதிவு, இன்னொன்று கிறிஸ்துமஸ் பாட்டுகள். இவற்றில் பெரும்பகுதியை எழுதி, குரல்களை அடுக்கி, தயாரிப்பையும் பார்த்துக்கொண்ட பிரையன் வில்சனுக்கு அப்போது வயது 22. அந்த டிசம்பரில் கச்சேரிக்குப் போகும் விமானத்தில் அவர் நிலைகுலைந்து போனார். அதன்பிறகு ஊர் ஊராகப் போவதை விட்டுவிட்டு ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததன் பலன்தான் 1966 மேயில் வந்த 'பெட் சவுண்ட்ஸ்'. அதில் குழுவின் மற்றவர்கள் பெரும்பாலும் பாட மட்டுமே செய்தார்கள். வாசித்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள். பீச் பாய்ஸின் தலைசிறந்த ஆல்பம், பீச் பாய்ஸ் அதிகம் வாசிக்காத ஆல்பம். இந்த விசித்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலும் வரும்.

பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. அவற்றில் பத்தை 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிந்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கக்கூடிய பாட்டைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இரவு கடைசிக்கு வைத்தார். ஒரு நாளில் பத்துப் பாட்டு முடிந்தது என்றால், லிவர்பூலிலும் ஹம்பர்க்கிலும் ஆண்டுக்கணக்கில் மேடையில் பழகிய சரக்கு கையில் இருந்தது என்று பொருள். எந்தக் குழுவுக்கும் முதல் ஆல்பம் அதுவரை வாழ்ந்த வாழ்க்கையின் சேமிப்பு. இரண்டாவதிலிருந்துதான் கைக்காசு செலவாகத் தொடங்கும்.

நான்காவது ஆல்பமான 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' 1964 டிசம்பர் 4 அன்று வந்தது. முதலாவதற்கும் இதற்கும் 21 மாதம்கூட இடைவெளி இல்லை. அதற்குள் ஒரு திரைப்படம், அமெரிக்கப் பயணம், உள்நாட்டுப் பயணம், இடையிடையே சிங்கிள்கள். முந்தைய ஆல்பத்தின் 13 பாட்டும் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. இதில் 14 பாட்டில் ஆறு பிறருடையவை. கிறிஸ்துமஸ் விற்பனைக்குத் தட்டு வேண்டும், எழுதுவதற்கு நாள் இல்லை. அட்டைப்படத்தில் நால்வர் முகத்திலும் தெரியும் களைப்பு நடிப்பல்ல. அதில் லெனனின் மூன்று சோகப் பாட்டுகள் வரிசையாகத் தொடங்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அந்தத் தட்டை யாருக்காவது கொடுத்தால் நானும் சமாதானம் சொல்லித்தான் கொடுப்பேன்.

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததோடு பீட்டில்ஸ் கட்டணக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த ஆல்பத்துக்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளிலிருந்து ஐந்து மாதம். நான்கே ஆண்டுக்குள் ஆல்பம் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது.

பீட்டில்ஸ் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. நாம் இன்று "பீட்டில்ஸின் ஆல்பங்கள்" என்று அடுக்கிவைத்திருக்கும் வரிசை அந்தக் காலத்து உலகம் கேட்ட வரிசையல்ல. அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் பிரிட்டிஷ் ஆல்பங்களைப் பிரித்து, பாட்டுகளைக் குறைத்து, மிச்சம் பிடித்ததையும் சிங்கிள்களையும் சேர்த்துக் கூடுதல் ஆல்பங்கள் செய்து விற்றது. 1966இல் 'ரிவால்வர்' அங்கே வந்தபோது அதில் 11 பாட்டுதான். லெனனின் மூன்று பாட்டுகளை அதற்கு இரண்டு மாதம் முன்பே வேறொரு தட்டில் போட்டு விற்றுவிட்டார்கள். அமெரிக்க ரசிகர் கேட்ட 'ரிவால்வர்' லெனனின் குரல் பாதி அடங்கிப்போன தட்டு. 1987இல் குறுந்தகடாக வந்தபோதுதான் பிரிட்டிஷ் வடிவமே உலகுக்கெல்லாம் பொது வடிவமானது. அதாவது உலகத்தின் மிகப் புகழ்பெற்ற ஆல்பம் வரிசை, குழு பிரிந்து 17 ஆண்டு கழித்துத்தான் ஒரே முகம் பெற்றது.

மறுபுறம், 1967 பிப்ரவரியில் சிங்கிளாக வெளியான இரண்டு பாட்டுகளை 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டது தம் தொழில்வாழ்வின் பெரிய தவறு என்று மார்ட்டின் பின்னாளில் வருந்தினார். சிங்கிள் வாங்கியவரிடமே அதே பாட்டை ஆல்பத்திலும் விற்பது முறையல்ல என்பது அன்றைய பிரிட்டிஷ் வழக்கம். அந்த நேர்மையினால் ஆல்பம் வரிசை ஏழ்மையானது. 1969 ஜனவரியில் வந்த 'யெல்லோ சப்மரீன்' தட்டில் பீட்டில்ஸ் பாட்டு ஆறுதான், புதியவை நான்கு. இரண்டாம் பக்கம் முழுக்க மார்ட்டினின் படப் பின்னணி இசை. இதை ஆல்பமாக எண்ணினால் சறுக்கல். எண்ணாவிட்டால் நாம் விதியை வளைக்கிறோம். கடைசியாக வெளியான 'லெட் இட் பி'யின் பெரும்பகுதி 1969 ஜனவரியிலேயே பதிவானது. அதைக் கிடப்பில் போட்டுவிட்டு 'அபே ரோடு' ஆல்பத்தைச் செய்து முடித்தார்கள். கிடப்பில் இருந்ததை வேறொரு தயாரிப்பாளர் எடுத்து, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் ஏற்றி 1970 மேயில் வெளியிட வைத்தார். செய்த வரிசையில் பார்த்தால் உச்சியில் முடிந்த குழு. வெளிவந்த வரிசையில் பார்த்தால் தள்ளாடி முடிந்த குழு.

என் கணக்கில் பன்னிரண்டில் பத்து தேறும். ஏறக்குறைய ஏழு ஆண்டில் அது யாரும் நெருங்காத சாதனை. ஆனால் கேட்ட கேள்வி சாதனை பற்றியதல்ல.

வரிசையை அழகாக்க இன்னொரு வழி, வேண்டாததை அழித்துவிடுவது. நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்றால் நான்கு ஆல்பம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், 1967 முதல் 1970வரை. பாடகர் லூ ரீட் 1970 ஆகஸ்டில் விலகிய பிறகு மற்ற பழையவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பாதியில் சேர்ந்த டக் யூல் கிட்டத்தட்ட தனியாளாகச் செய்து, அதே பெயரில் 1973இல் வெளியான ஐந்தாவது ஆல்பம் 'ஸ்குவீஸ்'. 1995இல் வந்த பெரிய பெட்டித் தொகுப்பில் அதற்கு இடமில்லை. லண்டனின் கிளாஷ் குழுவுக்கும் இதே கதை. 1983இல் கிட்டார் கலைஞர் மிக் ஜோன்ஸை வெளியேற்றிவிட்டு, 1985இல் 'கட் தி கிராப்' என்ற ஆறாவது ஆல்பம் செய்தார்கள். 2013இல் குழுவின் ஆல்பங்களைச் சேர்த்துப் பெட்டியாக வெளியிட்டபோது ஐந்து இருந்தன, ஆறாவது இல்லை. குடும்பப் படத்தில் ஒருவரை மட்டும் கத்தரித்து எடுப்பதுபோல. ரசிகர்கள் இதற்கு மனமார உடன்படுகிறார்கள். நான் உடன்படவில்லை, பெயர் போட்டு விற்றது கணக்கில் வரவேண்டும்.

இந்தத் தேடலில் என்னை மிகவும் பாதித்தது கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் கதை. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் எல் செரிட்டோ என்ற சிறு ஊர்ப் பையன்கள். ஜான் ஃபோகர்ட்டி, அண்ணன் டாம் ஃபோகர்ட்டி, பள்ளித்தோழர்கள் ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட். முதல் ஆல்பம் 1968இல் வருவதற்கு முன்பே ஏறக்குறைய பத்து ஆண்டு சேர்ந்து வாசித்தவர்கள். 1969ஆம் ஆண்டில் மட்டும் மூன்று ஆல்பம், மூன்றும் அடர்த்தியானவை. வேகம் தரத்தைக் கெடுக்கும் என்று மேலே எழுதினேனே, அதற்கு இவர்கள் விதிவிலக்கு. 1970இல் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'. பெர்க்லியில் அவர்கள் தினமும் ஒத்திகை பார்த்த இடத்துக்கு வைத்த செல்லப்பெயர் அது. அமெரிக்காவில் அவர்களுடைய ஐந்து சிங்கிள்கள் இரண்டாம் இடம்வரை ஏறின. முதலிடம் ஒன்றுக்குக்கூடக் கிடைக்கவில்லை. அதுவும் ஒருவகைச் சீர்மைதான்.

சொந்தப் பாட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதியவர், பாடியவர், தயாரித்தவர் ஜான் ஒருவரே. வியாபாரத்தையும் அவரே பார்த்தார். மற்ற மூவருக்கும் மனக்குறை வளர்ந்தது. 1971 தொடக்கத்தில் டாம் விலகினார். மிஞ்சிய மூவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: ஒவ்வொருவரும் தம் பாட்டைத் தாமே எழுதி, தாமே பாடுவது. அது மற்ற இருவரும் கேட்டு வாங்கிய உரிமை என்பது ஜான் தரப்பு. தங்களைத் தோற்கடிப்பதற்காக ஜான் திணித்த நிபந்தனை என்பது மற்ற இருவர் தரப்பு. எதுவானாலும், ஏழாவது ஆல்பமான 'மார்டி கிரா' 1972இல் அப்படித்தான் பிறந்தது. பத்துப் பாட்டில் ஜான் எழுதியவை மூன்று. பெரிய ராக் குழு ஒன்றிடமிருந்து தாம் கேட்டவற்றிலேயே இவ்வளவு மோசமான ஆல்பம் இல்லை என்ற அளவுக்கு விமர்சகர் ஜான் லாண்டாவ் ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதினார். அந்த அக்டோபரில் குழு கலைந்தது.

ஆறு நல்ல ஆல்பம், ஒரு சறுக்கல். அந்தச் சறுக்கல் எப்போது வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒருவர் ஆள மற்றவர்கள் வாசித்த காலம்வரை வரிசை நின்றது. எல்லோரும் சமம் என்று ஆன அன்றே விழுந்தது. குக்கும் கிளிஃபர்டும் கேட்டது அநியாயமான ஒன்றல்ல. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூடவே வந்தவன் தனக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்பான்தானே? ஆனால் நியாயமாகப் பங்கிட்டால் நல்ல ஆல்பம் கிடைத்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. டாம் 1990இல் இறந்தபோது அண்ணன் தம்பி இருவரும் மனம் ஒத்திருக்கவில்லை. 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் குழுவைச் சேர்த்துக்கொண்ட விழாவில் பழைய தோழர்கள் இருவரோடு மேடையேறி வாசிக்க ஜான் மறுத்துவிட்டார்.

குழுவை மரணம் நிறுத்திய கதை லெட் செப்பலினுடையது. அதே நால்வர், 1969 ஜனவரி முதல் 1979 ஆகஸ்ட்வரை எட்டு ஆல்பம். டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்ததும், அவரில்லாமல் தொடர்வதில்லை என்று மற்ற மூவரும் முடிவெடுத்தார்கள். அந்த முடிவின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முதல் ஆறு ஆல்பத்தில் சறுக்கல் இல்லை. 1976இன் 'பிரெசன்ஸ்', கார் விபத்தில் காலுடைந்து சக்கர நாற்காலியில் இருந்த பாடகர் ராபர்ட் பிளான்டை வைத்துக்கொண்டு மூனிக்கில் பதினெட்டே நாளில் முடித்தது. கேட்டாலே அவசரம் தெரியும். கடைசி ஆல்பத்தில் கிட்டாருக்குப் பதில் கீபோர்டு முன்னே வந்துவிடுகிறது. குழுவுக்குள் யார் ஸ்டூடியோவுக்கு ஒழுங்காக வந்தார்கள், யார் வரவில்லை என்பதை அந்தத் தட்டே சொல்லிவிடுகிறது.

தீர்ப்பு மாறும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் இதழ் அன்று இகழ்ந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1972 ஆல்பமான 'எக்ஸைல் ஆன் மெய்ன் ஸ்ட்ரீட்' குழப்பமானது என்று பலர் முகம் சுளித்தார்கள். 1968 முதல் 1972வரை அவர்கள் தந்த நான்கின் சிகரம் அதுதான் என்று இன்று அதே வாயால் சொல்கிறார்கள். 'சார்ஜென்ட் பெப்பர்' 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழின் 500 ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 2020 பட்டியலில் 24ஆம் இடத்துக்கு இறங்கியது. தட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. ஆகவே "சறுக்கல்" என்று நான் எழுதுவதெல்லாம் இன்றைய காதின் தீர்ப்பு. ஆனால் 'மார்டி கிரா'வை ஐம்பது ஆண்டாக யாரும் மீட்டெடுக்கவில்லை. சில தீர்ப்புகள் நிற்கத்தான் செய்கின்றன.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் ரேடியோஹெட். ஆக்ஸ்ஃபோர்டு அருகே அபிங்டன் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர். 1993 முதல் 2016வரை ஒன்பது ஆல்பம், ஒருவரும் மாறவில்லை. மூன்று வார அவசரத்தில் பதிந்த முதல் ஆல்பம் 'பாப்லோ ஹனி'க்குச் சமாதானம் சொல்ல வேண்டும், அதில் சந்தேகமில்லை. இரண்டாவதிலிருந்து எட்டும் நிற்கின்றன என்று வாதாடலாம். எட்டாவதான 'தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்' மட்டும் எனக்குச் சற்று மெலிந்து கேட்கிறது. குழுவாகவே இருந்து வரிசையையும் காத்தார்களா?

கிட்டே போய்ப் பார்த்தால் வேறு தெரிகிறது. 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்' உலகப்புகழ் பெற்ற பிறகு அடுத்ததற்கு மூன்று ஆண்டு ஆனது. 'கிட் ஏ' பதிவின்போது குழு உடையும் விளிம்புக்கே போனது. பாடகர் தாம் யார்க் கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு மின்னணு ஒலிகளோடு வந்தார். மூன்று கிட்டார்க்காரர்கள் உள்ள குழுவில் கிட்டார் இல்லாத பாட்டுக்கு மற்றவர் என்ன செய்வது? எல்லாப் பாட்டிலும் எல்லோரும் வாசித்தாக வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தப்பித்தார்கள். தன் பங்கு இல்லாத பாட்டும் தன் பாட்டுதான் என்று ஐந்து பேரும் ஏற்பது பெரிய காரியம். கிரீடன்ஸில் அது நடக்கவில்லை. அதன்பின் நிறுவன ஒப்பந்தம் 2003 ஆல்பத்தோடு முடிந்தது. 2007இல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை விரும்பிய விலை கொடுத்து இணையத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கெடு வைக்க ஆளில்லாமல் போனதும் இடைவெளிகள் நான்கு, ஐந்து ஆண்டு என்று நீண்டன. காலத்தைத் தாங்களே சொந்தமாக்கிக்கொண்டதும், குழு என்ற பிடியைத் தளர்த்திக்கொண்டதும் அவர்களைக் காத்தன.

ஸ்டீலி டான் அந்தப் பிடியை முற்றாகவே அவிழ்த்துவிட்டார்கள்.

பெக்கரும் ஃபேகனும் 1967இல் நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் சந்தித்தவர்கள். ஜாஸ் கேட்டு வளர்ந்தவர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பதிவு நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பாட்டெழுதினார்கள். அவர்கள் பாட்டு மற்ற பாடகர்களுக்குச் சிக்கலாக இருந்ததால், வாசிக்க ஒரு குழுவைத் தாங்களே கூட்டினார்கள். 1972 நவம்பரில் முதல் ஆல்பம் வந்தபோது ஆறு பேர். பாடுவதற்கென்றே சேர்த்த டேவிட் பாமர் இரண்டாவது ஆல்பத்தின் காலத்திலேயே விலகினார். 1974இல் மூன்றாவதான 'பிரெட்ஸல் லாஜிக்' வந்தது. டியூக் எலிங்டனின் பழைய ஜாஸ் மெட்டு ஒன்றும் அதில் உண்டு, பிறருடைய சரக்கை எடுத்தும் தட்டு தளரவில்லை. அதே ஆண்டு கச்சேரிகளை நிறுத்தினார்கள். கச்சேரி இல்லையென்றால் கச்சேரிக் குழு எதற்கு? கிட்டார் வாசித்த ஜெஃப் பேக்ஸ்டர் வேறு குழுவுக்குப் போனார், டிரம்ஸ் வாசித்த ஜிம் ஹாடரும் போனார். இருவர் மிஞ்சினார்கள். கூடவே தயாரிப்பாளர் கேரி கட்ஸ், ஒலிப்பதிவுப் பொறியாளர் ராஜர் நிக்கல்ஸ்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்கேற்ற கையைத் தேடினார்கள். 'கேட்டி லைட்' ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த ஜெஃப் போர்காரோவுக்கு வயது 20. ஒரு பாட்டில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஃபில் வுட்ஸ் வந்து வாசித்துவிட்டுப் போவார். அந்தச் சில நொடிகளுக்காகவே அந்தத் தட்டை வாங்கலாம். 1977இன் 'ஏஜா'வில் ஒரு பாட்டின் கிட்டார் தனிக்குப் பல நல்ல கலைஞர்கள் வாசித்தும் ஒப்பாமல், கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததை வைத்துக்கொண்டார்கள். தலைப்புப் பாட்டில் வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோனும் ஸ்டீவ் காடின் டிரம்ஸும் மோதும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. வந்தவர்கள் யாருக்கும் அந்த ஆல்பத்தில் உரிமை இல்லை, வாக்கும் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். பிடிக்காத வாசிப்பு நாடாவிலேயே தங்கிவிட்டது.

1980 நவம்பரில் வந்த 'கௌச்சோ' இந்த முறையின் எல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள், ஓர் ஆண்டுக்கும் மேலான ஸ்டூடியோ வேலை. மனிதக் கையின் சிறு பிசகும் கூடாதென்று டிரம்ஸ் ஒலிகளை அடுக்கும் ஒரு கணினிக் கருவியை நிக்கல்ஸ் செய்து கொடுத்தார். முடியும் தறுவாயில் இருந்த ஒரு பாட்டின் பெரும்பகுதியை 1979 டிசம்பரில் உதவிப் பொறியாளர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார். மறுபடி பதிந்து பார்த்தார்கள், பழைய உயிர் வரவில்லை. அதனால் அந்தப் பாட்டையே கைவிட்டார்கள். கிடைத்ததை வைத்து ஒப்பேற்றாத அந்தப் பிடிவாதம்தான் வரிசையைக் காத்தது. ஏழு பாட்டோடு, 38 நிமிடத்துக்குள், ஆல்பம் வெளியானது. மறு ஆண்டு இருவரும் பிரிந்தார்கள்.

எட்டு ஆண்டு, ஏழு ஆல்பம். இந்தக் கட்டுரைக்காக ஏழையும் வந்த வரிசையில் மறுபடி கேட்டேன். சமாதானம் சொல்ல வேண்டிய தட்டு ஒன்று இல்லை. 'கௌச்சோ' குளிர்ந்து கிடக்கிறது என்பார்கள். உண்மைதான், அந்தக் குளிர்ச்சியே அதன் பொருள். களைத்துப்போன பணக்கார நகரத்தைப் பற்றிய தட்டு வேறெப்படி ஒலிக்கும்?

இது குழுவே அல்லவே, இரண்டு எழுத்தாளர்களும் கூலிக்கு வந்தவர்களும்தானே என்று யாராவது கேட்டால் என்னிடம் மறுப்பில்லை. நான் சொல்ல வந்ததும் அதுதான். நாலு பேர் சேர்ந்து வளர்ந்து, காதலித்து, கோபித்து, பிள்ளை பெற்று, ஒருவரையொருவர் சகித்து வாசிக்கும்போது அந்த வாழ்க்கையின் மேடுபள்ளம் தட்டிலும் விழும். அது விழாமலிருக்க வேண்டுமென்றால் அந்த வாழ்க்கையை ஸ்டூடியோவுக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. 'கௌச்சோ' அளவுக்குச் செதுக்கிய ஆல்பம் கிரீடன்ஸிடம் ஒன்றும் இல்லை. ஆனால் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'யில் நான்கு பேர் ஒரே மூச்சாக இறங்கும் அந்தத் துள்ளல் ஸ்டீலி டானிடம் 1974க்குப் பிறகு கிடையாது. கொஞ்சம் சறுக்கியவர்களிடம் எனக்கு இருக்கும் பாசம் சறுக்காதவர்களிடம் இல்லை. தீர்ப்பில் அந்தப் பாசத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

மீதிக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். பெக்கரும் ஃபேகனும் இருபது ஆண்டு கழித்து, 2000இல், எட்டாவது ஆல்பம் கொண்டுவந்தார்கள். அது மறு ஆண்டு கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆனது. அன்று தோற்றவற்றில் 'கிட் ஏ'யும் ஒன்று. எட்டாவது தேறும், ஆனால் கிராமிக் குழுவின் அந்தத் தேர்வை என்னால் ஏற்க முடியவில்லை. 2003இல் வந்த ஒன்பதாவது தளர்ந்த ஆல்பம். 2017 செப்டம்பர் 3 அன்று பெக்கர் இறந்தார், பத்தாவது வரவில்லை. கத்தரித்து எடுப்பதை கிளாஷுக்கு அனுமதிக்காத நான் ஸ்டீலி டானுக்கும் அனுமதிக்க முடியாது. எனவே அளவுகோலைத் தளர்த்தாமல் வைத்தால் விடை: அப்படி ஒரு குழு இல்லை. மிக நெருங்கி வந்தது 1972க்கும் 1980க்கும் இடைப்பட்ட அந்த ஏழு தட்டு.

நம்பாதவர்கள் முதலில் 'கேட்டி லைட்'டை எடுங்கள். பத்துப் பாட்டு, 35 நிமிடம்தான். இடையில் நிறுத்தாமல், பாட்டுகளின் வரிசையைக் கலைக்காமல் கேளுங்கள்.